அக்காவுக்கு வருத்தம் ஏதும் இல்லை

என் பாசமுள்ள அக்கா,

நீ போய் ஐந்தாவது திவசமும் முடிந்துவிட்டது. இத்தனை காலம் ஒரு வரி எழுதாதவன் இன்றைக்கு ஊரே வாசிக்கும்படி பத்திரிகையில் எழுதுகிறேனே என்று முறைப்பாய். முறை. அது எனக்கு வேண்டியதுதான். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியதை விழுங்கிக்கொண்டு இருந்தவன் நான். இனி ஊரறியச் சொல்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

முதலில் இங்கத்தைய புதினம். மறுபடியும் செல்லடி தொடங்கிவிட்டது. படுவான்கரைச் சனமெல்லாம் வாவியைக் கடந்து இந்தக் கரைக்கு வந்து பள்ளிக்கூடங்களில் கிடக்கிறது. வவுணதீவில் உன் வளவைப் பூட்டிவிட்டு வந்தோம், பூட்டு இன்னும் இருக்கிறதா என்று தெரியாது. உன் மகள் சுதா தேற்றாத்தீவில் என் வீட்டில்தான் இருக்கிறாள். வெல்லாவெளிப் பக்கம் ஒரு பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். அங்கே இப்போது பிள்ளைகளும் இல்லை, கூரையும் இல்லை என்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறாள். இல்லை, அக்கா, அப்படி எழுதக்கூடாது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

என் வேலை என்னவென்று நீ கடைசிவரை சரியாகக் கேட்டதில்லை. அயலில் யாராவது விசாரித்தால், 'தம்பி சுகாதாரக் கந்தோரில ஆக்கள்ற வருத்தத்த எண்ணுறான்' என்பாய். படித்தவர்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதை நீ அப்படி ஒரே வசனத்தில் முடித்துவிடுவாய்.

அந்த எண்ணும் வேலைக்கு ஒரு புதுக் கணக்கு வந்தது, நினைவிருக்கிறதா? கொழும்பிலிருந்து வந்த பெரிய டொக்டர் எங்களைக் கதிரைகளில் இருத்திப் படிப்பித்தார். ஒரு நாட்டில் எந்த நோய் எவ்வளவு பாரம் என்று அறிய, செத்தவர்களை மட்டும் எண்ணினால் போதாதாம். வாழவேண்டிய வயதுக்கு முன்னரே ஒருவர் செத்தால் குறைந்துபோகும் வருடங்களை ஒரு பக்கம் எழுத வேண்டும். சாகாமல் நோயோடு கழிக்கும் வருடங்களை மறுபக்கம் எழுத வேண்டும். நோயோடு கழிக்கும் வருடத்தை முழுதாகப் போடுவதில்லை, நோயின் கடுமைக்கு ஏற்ப ஒரு நிறை கொடுப்பார்கள். நல்ல சுகத்துக்குப் பூச்சியம், மரணத்துக்கு ஒன்று, மற்றதெல்லாம் இவற்றுக்கு நடுவில். இரண்டு பக்கத்தையும் கூட்டினால் வருவது டாலி. ஒரு டாலி என்றால் சுகமான ஒரு வருடம் பறிபோனது என்று பொருள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்தக் கணக்கு பிடித்துப்போயிற்று. எங்கள் சனம் படுகிற பாட்டைக் கேட்கக் காதில்லாதவர்களுக்கு ஒரு எண்ணையாவது காட்டலாமே என்று நினைத்தேன். கைகால் இழந்தவன், கண் போனவன், சித்தம் கலங்கினவன், எல்லாருடைய வருடங்களையும் கூட்டிக் கொண்டுபோய் மேசையில் போட்டால் அதை யார் மறுப்பது? எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

நீ டாலி என்ற அந்தப் பெயரைக் கேட்டதும் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாய். 'இதென்னடா தாலிக் கணக்கு? அப்ப என்ட தாலிக்கு ஆருக்கிட்டடா கணக்குக் கேக்கிற?' என்றாய். சிரித்துக்கொண்டுதான் கேட்டாய், நானும் சேர்ந்து சிரித்தேன். அத்தான் போய் அப்போது மூன்று வருடம்.

அத்தானை அறியாதவர்களும் இதை வாசிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். உன் புருஷன் வட்டை வெளியில் தன் பங்கு வயலுக்குப் பசளை வாங்க டவுனுக்குப் போனவர். வெடிகுண்டு செய்ய உதவும் என்று யூரியாவை வாவிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகத் தடை இருந்தது, ஒரு பைக்கும் கிராம சேவகரின் கடிதம் வேண்டும். கடிதம் இருந்தது. அதில் திகதி ஒரு நாள் பிந்திவிட்டது என்று பாலத்தடிச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். மறுநாள் சைக்கிள் மட்டும் வேலியில் சாத்தியபடி நின்றது. அவரை வைத்துக்கொண்டவர்கள் யாரென்று இந்தக் கடிதத்திலும் எழுத எனக்குத் துணிவில்லை. உனக்குத் தெரியும், வாசிக்கிறவர்களுக்கும் தெரியும்.

இனி அந்தக் கணக்குக்காக வீடு வீடாய் நிரப்பிய கேள்விப் படிவத்தின் கதைக்கு வருகிறேன். அதைத் தமிழாக்கியவர்கள் கடலுக்கு அந்தப் பக்கத்துத் தமிழர்கள். நல்ல தமிழ், எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. மனச்சோர்வு என்ற நோயைக் கண்டுபிடிக்க அதில் ஒரு கேள்வி இருந்தது: 'கடந்த முப்பது நாட்களில் உங்களுக்கு எந்த அளவுக்கு வருத்தம் இருந்தது?' அவர்கள் ஊரில் வருத்தம் என்றால் துக்கம். எங்கள் ஊரில் வருத்தம் என்றால் என்ன? காய்ச்சல், மூக்கொழுகும் தடிமன், சலரோகம், வயிற்றோட்டம். வருத்தக்காரன் என்றால் நோயாளி. துக்கத்துக்கு நாங்கள் அந்தச் சொல்லை எடுப்பதே இல்லை.

பயிற்சியில் இருந்த அத்தனை பேரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள். ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. அச்சடித்த தாளைக் கண்டதும் எல்லாரும் பத்திரிகைத் தமிழுக்கு மாறிவிட்டோம்.

உறைத்தது ஒருத்திக்கு மட்டும்தான். என் குழுவில் வீடு வீடாகக் கேள்வி கேட்கப் போன காத்தான்குடிப் பிள்ளை, பரீதா. மூன்றாம் நாளே கையில் படிவக் கட்டோடு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றாள்.

'சேர், இந்தக் கேள்வி பிழை. புள்ளயப் பறிகுடுத்த தாய் வருத்தம் ஒண்டும் இல்லெண்டு சொல்றா. தடிமன் புடிச்ச மனிசன் மிச்சம் வருத்தம் எண்டு சொல்றார். நான் ரெண்டுக்கும் புள்ளடி போட்டுட்டு வாறன்.'

'படிவத்தில இரிக்கிறத இரிக்கிறபடி வாசிக்கணும் புள்ள. நம்மட இஷ்டத்துக்கு மாத்தினா மத்த மாவட்டங்களோட ஒப்பிட ஏலா.'

'பொய்ய ஒப்பிட்டு என்னத்துக்கு சேர்?'

அவள் கேட்டது சரி என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மேற்பார்வையாளர் முகத்தை வைத்துக்கொண்டு அவளை அனுப்பினேன். திகதிக்குள் கட்டுகள் போய்ச் சேரவேண்டும், என் பெயர் கெடக்கூடாது. வேறு காரணம் ஒன்றும் இல்லை, அக்கா.

அவள் சும்மா இருக்கவில்லை. பெட்டியில் புள்ளடிக் குறி போட்டுவிட்டுப் படிவத்தின் ஓரத்தில் 'யோசனை உண்டு' என்று எழுதத் தொடங்கினாள். எங்களுக்குத் தெரியும் யோசனை என்றால் என்னவென்று. தின்ன விடாது, படுக்க விடாது, நெஞ்சுக்குள் கிடந்து அரிக்கும். ஆனால் படிவங்களைக் கணினியில் ஏற்றியவர்களுக்கு யோசனை என்றால் ஆலோசனை. ஒரு நாள் கந்தோருக்குத் தொலைபேசி வந்தது. 'உங்கள் பகுதி மக்கள் நிறைய யோசனைகள் வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறதே, அவற்றைத் தனித்தாளில் எழுதி அனுப்ப முடியுமா?' என்று கேட்டார்கள். விளக்கம் சொல்ல அதைவிட நல்ல தருணம் எனக்கு வாய்த்திருக்காது. நான் என்ன செய்தேன் தெரியுமா? இனி ஓரத்தில் எதுவும் எழுதக்கூடாது என்று பரீதாவுக்கு உத்தரவு போட்டேன். அடுத்த மாதம் அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள்.

அவள் போன பிறகுதான் குலுக்கலில் உன் வீடு விழுந்தது. உறவுக்காரரை உறவுக்காரர் விசாரிக்கக்கூடாது என்பது விதி. பாலத்தைக் கடந்து போக வேறு ஆளில்லை என்று நானே வந்தேன். நீ நெல்லவித்து முற்றத்தில் காயப்போட்டிருந்தாய். கோழியைத் துரத்தியபடிதான் எனக்குப் பதில் சொன்னாய்.

'இந்த வீட்டில் கடந்த ஐந்து வருடங்களில் யாராவது இறந்தார்களா?' நான் தாளைப் பார்த்து வாசித்தேன்.

'இதென்னடா கேள்வி? ஒருத்தரும் சாகல்ல.'

'அத்தான்...'

'அவர் வருவார். சாகல்லெண்டு எழுது.'

எழுதினேன். மரணச் சான்றிதழ் இல்லாதவரின் வருடங்களை ஒரு பக்கத்திலும் சேர்க்க முடியாது. அவர் செத்தவரும் இல்லை, நோயாளியும் இல்லை. கணக்குப்படி அத்தானுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு அந்தக் கேள்வி. ஒரு எழுத்தும் பிசகாமல் வாசித்தேன்.

'வருத்தம் ஒண்டும் இல்லடா தம்பி. நல்ல சுகமா இரிக்கன்.'

'சிறிதும் இல்லை' என்ற பெட்டியில் புள்ளடி போட்டேன். கை நடுங்கியது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். நடுங்கவில்லை.

நான் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்த பிறகு நீ வந்து பக்கத்தில் குந்தினாய். 'எழுதி முடிஞ்சா? இனி நான் பறையிறதக் கேளு' என்றாய்.

'அவரக் கொண்டுபோன நாள் தொடக்கம் எனக்குப் பாலத்தில ஏற ஏலாம இரிக்குடா. பாலத்தக் கண்டா கால் ரெண்டும் என்ட சொல்லுக் கேக்குதில்ல. வேர்த்துக் கொட்டுது, நெஞ்சு பத்தி எரியுது. துறையால போவமெண்டு ஓடத்தடிக்குப் போனாலும் அதே கததான், அங்கயும் சோதிக்காங்க. மூணு வருசமா டவுன்பக்கம் போகல்ல. புள்ளயையும் போய்ப் பாக்கல்ல.'

சுதா அப்போது டவுனில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

'அவளுக்குச் சொல்லாத. பயந்து படிப்ப உட்டுட்டு வந்துருவா. சோறு தின்னுறன், வேல செய்யிறன், ஒரு கொறையும் இல்ல. ஒரே யோசினதான்.' என் பையைக் காட்டிக் கேட்டாய். 'ஏண்டா, இத எழுத அந்தத் தாளில இடமில்லையா?'

'இல்லக்கா.'

'அப்ப சரி. தேத்தண்ணியக் குடி.'

இடம் இருந்தது, அக்கா. பின்பக்கம் முழுக்க வெறும் தாள்.

அடுத்த வருடம் அறிக்கை வந்தது. வழவழப்பான தாள், கலர்ப் படங்கள். யுத்தம் நடக்கும் எங்கள் மாவட்டத்தில் மனச்சோர்வு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாம். இறுக்கமான உறவுகளும் கோயிலும் பள்ளிவாசலும் மக்களைத் தாங்கிப்பிடிக்கின்றன என்று வெளிநாட்டு நிபுணர் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருந்தார். மாரி காலத்தில் மட்டும் துக்கம் திடீரென்று ஏறுகிறதாம். அது வெள்ளத்தோடு வரும் காய்ச்சலும் தடிமனும் என்று எனக்கும் பரீதாவுக்கும் தெரியும். அவர் அதற்கும் மழைக்கால மனச்சோர்வு என்று ஒரு பெயர் வைத்து, வெளிச்சம் குறைவதால் வருவது என்று விளக்கம் கொடுத்திருந்தார். தடிமனுக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கும் கிடைத்திருக்காது.

பிழையில்லாத தரவு சேர்த்ததற்காக எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் தந்தார்கள். அதைச் சட்டம் போட்டு மாட்டினேன். நீ பார்க்கவில்லை, பார்க்க வருவதற்குப் பாலம் கடக்க வேண்டுமே.

அந்த அறிக்கையால் நடந்ததை மட்டும் உன்னிடம் நான் சொல்லவே இல்லை. வாரம் ஒரு நாள் ஒரு மனநல டொக்டர் பாலத்தைக் கடந்து படுவான்கரைக்கே வந்து பார்ப்பதற்கு ஒரு திட்டம் இருந்தது. எண்கள் வந்ததும், தேவை குறைவு என்று அதை வேறு மாவட்டத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அது வந்திருந்தால் நீ எங்கேயும் போகவேண்டியிருந்திருக்காது. உன் வாசலுக்கு வந்திருப்பார். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவன் உன் தம்பி.

பிறகு அந்த நாள். உனக்கு நெஞ்சுவலி வந்தபோது அயல்காரர்கள் லேண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். அன்றைக்குப் பாலம் திறந்திருந்தது. ஒருவரும் மறிக்கவில்லை. பாலத்தடிக்கு வந்ததும் நீ எழும்பி இறங்கிவிட்டாயாம். 'ஏலா, கிறுகுங்க, வீட்ட போவம்' என்று கத்தினாயாம். இரண்டு பேர் பிடித்தும் உன்னைத் திரும்ப ஏற்ற முடியவில்லை. வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். மறுநாள் காலை நீ இல்லை.

திடீர் மரண விசாரணை அதிகாரி மாரடைப்பு என்று எழுதினார். அதுவும் பொய்யில்லை. உனக்கு மிச்சமிருந்த வருடங்கள் அவ்வளவும் இருதய நோய்ப் பக்கத்தில் ஏறின. உயிரோடு இருக்கும்வரை உனக்குப் பூச்சியம் போட்ட கணக்கு, செத்ததும் தாராளமாக அள்ளிக் கொடுத்தது.

சாம்பல் அள்ளிக் காடாத்து முடிந்து வந்த அன்று சுதா என்னிடம் கேட்டாள். 'பாலம் துறந்துதானே கிடந்தது மாமா? அம்மா ஏன் இறங்கினா?'

'தெரியா புள்ள' என்றேன்.

இந்த மாதம் புதுக் கணக்கெடுப்புக்கான படிவங்கள் வந்து சேர்ந்தன. அனுபவமுள்ள ஆள் என்று மறுபடியும் என்னையே மேற்பார்வைக்குப் போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடங்களில் பாயில் கிடக்கும் சனத்திடம் போய்க் கேட்கவேண்டும். கட்டைப் பிரித்துப் பார்த்தேன். அதே கேள்வி, அதே சொல்.

இந்த முறை பெரிய டொக்டருக்கு எழுதினேன். மரியாதையாகத்தான் பதில் போட்டார். சொல்லை மாற்றினால் போன முறையோடு ஒப்பிட முடியாது, போன முறை பிழை என்பதற்கு ஆதாரம் இருந்தால் அனுப்புங்கள் என்றார். ஆதாரத்துக்கு எங்கே போவேன்? படிவத்தில் சொன்ன பதிலும் உள்ளே கிடந்த உண்மையும் இரண்டும் எனக்குத் தெரிந்த வீடு இந்த மாவட்டத்தில் ஒன்றே ஒன்றுதான்.

சுதாவிடம் கேட்காமல் உன் கதையை எழுத முடியாது. அவளை இருத்திவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முற்றத்தில் நீ சொன்னது, நான் போட்ட புள்ளடி, வராமல் போன டொக்டர், எல்லாம். அவள் அழுவாள் என்று நினைத்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'விடுதியில ஒவ்வொரு ஞாயிறும் மத்தப் புள்ளையள்ற அம்மாமார் வருவாங்க மாமா. என்ட அம்மா ஒரு நாளும் வரல்ல. என்னப் பாக்க மனமில்லாமத்தான் கிடந்தா எண்டு நினைச்சன். அவ செத்தப் புறகும் எனக்கு அந்தக் கோவம் போகல்ல. கொள்ளி வைக்கிற நேரமும் நான் கோவத்தோடதான் நிண்டன்.'

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

'உங்களுக்குத் தெரிஞ்சிருந்திச்சி' என்றாள். எழும்பி உள்ளே போனாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, 'அம்மாட பேரப் போட்டே எழுதுங்க' என்றாள்.

எழுதினேன், அக்கா. பெரிய டொக்டர் கேட்ட ஆதாரமாக ஆறு பக்கம். பாலம், ஓடத்தடி, லேண்ட்மாஸ்டரில் இருந்து நீ இறங்கியது, எல்லாம் அதில் இருக்கிறது. சுதா சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். அதையும் எடுத்துக்கொண்டு காத்தான்குடிக்குப் போய் பரீதாவைத் தேடிப் பிடித்தேன். கல்யாணமாகி மூன்று பிள்ளைகள். வாசலில் என்னைக் கண்டதும், 'இப்பயா சேர் வாறீங்க?' என்றாள். அவளும் கையெழுத்துப் போட்டாள், ஆனால் உள்ளே வரச் சொல்லவில்லை.

அனுப்பி இரண்டு வாரம் ஆகிறது. பதில் இல்லை. கந்தோரில் என்னோடு கதைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். அதனால்தான் பத்திரிகைக்கும் எழுதுகிறேன், ஆறு பக்கமும் ஒரு அலுமாரிக்குள் போய்த் தொலையக்கூடாது என்று. உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்தச் சொல் மாறும்வரை ஒரு படிவத்திலும் என் கையெழுத்து விழாது. வேலை போனால் போகட்டும்.

'அவளுக்குச் சொல்லாத' என்று நீ என்னிடம் கேட்டாய். உன் வாழ்நாளில் என்னிடம் நீ கேட்டது அது ஒன்றுதான். அதை மீறிவிட்டேன். மீறியதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன், அக்கா. நீ உயிரோடு இருந்தபோதே அதை மீறாமல் விட்டேனே, அதற்குத்தான் கேட்கிறேன்.

உன் கூடப்பிறந்தவன்,
சுதாவின் மாமன்